படியும் பாயும் கிண்ணமும்

(தாராசுரத்தில் நிகழ்த்திய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



அன்றாடம் புழங்கும் பண்டங்களுக்குள் கிறிஸ்தவ நெறி என்ன காண்கிறது என்று பேசச் சொன்னீர்கள். இதைப் பேச இந்த ஊரைவிடப் பொருத்தமான இடம் சோழ நாட்டில் அதிகம் இல்லை. 12ஆம் நூற்றாண்டில் இரண்டாம் இராசராசன் எடுப்பித்த ஐராவதேசுவரர் கோயில் இங்கே இருக்கிறது. 2004இல் உலகப் பாரம்பரியச் சின்னம் என்ற பெயர் அதற்குக் கிடைத்தது. அதைப் பார்க்க வருகிறவர்கள் கல்தேரையும் யானையையும் பார்த்துவிட்டுப் போய்விடுகிறார்கள். கருவறைச் சுவரின் அடியில் சிறு சிறு சிற்பங்களாக நாயன்மார் வரலாறு செதுக்கியிருப்பதைக் குனிந்து பார்ப்பவர்கள் சிலர்தான். அந்த அடியார்களின் கதைகளை எண்ணிப் பாருங்கள். குயவருக்கு ஓடு. வண்ணாருக்கு வெளுக்க வாங்கிய துணி. இளையான்குடி மாறருக்கு மழையில் வாரி வந்த விதைநெல். இங்கிருந்து கூப்பிடு தூரத்தில் இருக்கும் பழையாறைக்காரர் அமர்நீதியார், துணி வணிகர். அடியார் ஒருவர் நம்பிக் கொடுத்த கோவணம் காணாமற்போயிற்று. அதற்கு ஈடாகத் தராசுத் தட்டில் தம்மிடம் இருந்த துணியெல்லாம் வைத்தும் தட்டு இறங்கவில்லை. கடைசியில் மனைவி மகனோடு தாமே தட்டில் ஏறி நின்றார்.

நான் கிறிஸ்தவன். அந்தக் கதையைப் பிடுங்கி எங்கள் வேதத்தில் ஒட்டும் எண்ணம் எனக்கு இல்லை. அது சைவர்களின் சொத்து. ஆனால் அது எனக்குக் கற்றுக்கொடுத்த ஒன்றை மறைக்கவும் மாட்டேன். அந்தக் கோவணத்துக்கு அவ்வளவு கனம் எப்படி வந்தது? நூலால் வரவில்லை. ஒருவர் நம்பி மற்றொருவர் கையில் கொடுத்ததால் வந்தது. இன்று நான் சொல்ல வந்ததும் இவ்வளவுதான்: பண்டத்தின் ஆழம், அது யார் கையிலிருந்து யார் கைக்குப் போகிறது என்பதில் இருக்கிறது. இதே கண்ணோடு நற்செய்தி நூல்களைப் படித்தால் பல இடங்கள் துலங்கும்.

இயேசு நாசரேத்தூர்த் தச்சர். 2ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த யுஸ்தீன் என்ற மறைசாட்சி, இயேசு கலப்பையும் நுகத்தடியும் செய்தார் என்று எழுதி வைத்திருக்கிறார். அவர் செய்த கலப்பை அவர் வயலை உழவில்லை. அடுத்தவர் வயலை உழுதது. அவர் சொன்ன உவமைகளிலும் இதே ஓட்டத்தைப் பார்க்கிறேன். விளக்கை ஏற்றித் தண்டின்மேல் வைப்பது வீட்டில் இருக்கும் அத்தனை பேருக்கும் வெளிச்சம் கிடைப்பதற்காக. காசைத் தொலைத்த பெண் விளக்கைக் கொளுத்தி, வீட்டைப் பெருக்கித் தேடிக் கண்டுபிடித்ததும் அக்கம்பக்கத்தாரைக் கூப்பிடுகிறாள். புளித்த மாவைக் கலந்து பிசைந்த பெண் எடுத்த மாவு மூன்று படி என்கிறது உவமை. யூதர்களின் அந்த அளவு மிகப் பெரியது. ஒரு வீட்டு அடுப்புக்கு அவ்வளவு மாவு வேண்டாம். அது ஊர்ப்பந்திக்கான மாவு.

இங்கே ஓர் எச்சரிக்கையும் சொல்லிவிடுகிறேன். பண்டத்தில் பொருள் காணத் தொடங்கிவிட்டால் நிறுத்தத் தெரியாமல் போய்விடும். நல்ல சமாரியன் கதைக்கு விளக்கம் எழுதிய அகுஸ்தீனார் போன்ற பேரறிஞரே அதில் வழுக்கினார் என்பது என் கருத்து. அடிபட்டுக் கிடந்தவன் ஆதாம், சத்திரம் திருச்சபை, சத்திரக்காரன் பவுல், கொடுத்த இரண்டு காசும் இரண்டு கட்டளைகள் என்று அடுக்கிக்கொண்டே போனார். அழகான அடுக்குதான். ஆனால் வழியோரம் இரத்தம் ஒழுகக் கிடந்த மனிதன் அந்த அடுக்கில் காணாமற்போகிறான். சமாரியன் ஊற்றிய எண்ணெய் எண்ணெயாகவே இருக்கட்டும். அது காயத்தின்மேல் விழுந்ததில்தான் அதன் ஆழம் இருக்கிறது. இன்றும் நம் மேடைகளில் பேனாவின் மூடிக்கும் பூட்டின் சாவிக்கும் ஐந்தைந்து ஆவிக்குரிய அர்த்தம் சொல்கிறார்கள். கேட்டவர்கள் கைதட்டுகிறார்கள். வீட்டுக்குப் போனபின் அந்தப் பேனாவை யாருக்கும் கொடுப்பதில்லை.

தமிழில் இந்தக் கலையைத் துணிச்சலோடு கையாண்டவர் தஞ்சை வேதநாயகம் சாஸ்திரியார். 1774இல் திருநெல்வேலிச் சீமையில் பிறந்தவர். சிறுவனாக இருந்தபோதே மிஷனரி சுவார்ட்ஸ் ஐயர் அவரைத் தஞ்சைக்கு அழைத்து வந்தார். பின்னாளில் அரசரான இரண்டாம் சரபோஜியும் அதே சுவார்ட்ஸின் கண்காணிப்பில் வளர்ந்தவர். இருவருக்கும் தோழமை உண்டு. தரங்கம்பாடியில் வேதசாஸ்திரத்தோடு வானநூலும் புவிநூலும் கற்றார் சாஸ்திரியார். தொண்ணூறு வயதை நெருங்கி 1864இல் மறைந்தார்.

அவர் எடுத்துக்கொண்ட வடிவங்களைப் பாருங்கள்: குறவஞ்சி, உலா, நொண்டி நாடகம், கும்மி, ஏற்றப்பாட்டு. அந்தக் காலத் தஞ்சையில் குறவஞ்சிக்குப் பெரிய மவுசு. சரபோஜிமீதே சரபேந்திர பூபாலக் குறவஞ்சி பாடப்பட்டுப் பெரிய கோயிலில் ஆடப்பட்டது. சாஸ்திரியார் 1800இல் பெத்லகேம் குறவஞ்சியைப் பாடினார். அதில் குறத்திதான் விசுவாசம். அவள் கணவன் சிங்கன், குரு. அவனோடு வரும் நூவன், உபதேசியார். அவர்கள் விரிக்கும் வலையில் விழும் பறவைகள் மனிதர்கள். மேலோட்டமாகப் பார்த்தால் இதுவும் அகுஸ்தீனார் செய்த அடுக்குதானே என்று தோன்றும். எனக்கு அப்படித் தோன்றவில்லை. குறவஞ்சியின் உயிர் குறத்தி கைபார்க்கும் கட்டத்தில் இருக்கிறது. கூடையை இடுப்பில் இடுக்கிக்கொண்டு மலையிலிருந்து இறங்கி வந்த பெண், அரண்மனைப் பெண்ணின் கையைத் தன் கையில் வாங்கிப் பார்க்கிறாள். ஊர் கீழே வைத்தவளின் கையும் ஊர் மேலே வைத்தவளின் கையும் தொட்டுக்கொள்ளும் இடம் அது. விசுவாசம் எந்த உருவில் நம் வாசலுக்கு வரும் என்று கேட்டால், பட்டுடுத்தி வராது, கூடை தூக்கி வரும் என்று அந்த நாடகம் சொல்கிறது. அரசவைக்குப் பழகிய புலவர் இதைச் சொன்னார் என்பது பெரிய காரியம்.

அதைவிட என் மனத்தில் நிற்பது அவருடைய ஞான ஏற்றப்பாட்டு. இங்கே இருக்கும் இளையவர்கள் ஏற்றத்தைப் படத்தில்தான் பார்த்திருப்பீர்கள். கவைக்கம்பத்தின்மேல் நீண்ட மரம். அதன்மேல் ஒருவர் முன்னும் பின்னும் நடப்பார். அந்த நடையில் மரம் சாயும், நிமிரும். சால் கிணற்றுக்குள் இறங்கித் தண்ணீரோடு ஏறும். கீழே நிற்பவர் அதைப் பிடித்து வாய்க்காலில் கவிழ்ப்பார். விடிவதற்கு முன்பே தொடங்கும் வேலை. எத்தனை சால் இறைத்தோம் என்ற கணக்கு பாட்டிலேயே ஓடும். உடம்பு சலிக்காமல் இருக்கவும் அதே பாட்டுதான். ஏற்றப்பாட்டுக்கு எதிர்ப்பாட்டு இல்லை என்று சொலவடையே உண்டு. இறைத்த தண்ணீர் பாய்ந்த வயல் பெரும்பாலும் இறைத்தவருடையதாக இருந்ததில்லை. அந்த உழைப்பின் மெட்டை எடுத்துத்தான் சாஸ்திரியார் ஞானத்தைப் பாடினார். நம் சபைகள் இன்று அவருடைய கீர்த்தனைகளைப் பாடுகின்றன, ஏற்றப்பாட்டை மறந்துவிட்டன. மோட்டார் வந்தபின் ஏற்றம் போனது நியாயம். ஆர்மோனியத்துக்கு ஏறிய பாட்டுக்குத்தான் மரியாதை என்று ஆனதில் எனக்கு வருத்தம்.

இனி இந்த ஊர்த் தொழிலான நெசவுக்கு வருகிறேன். யோபு தன் நாட்கள் நெசவாளியின் நாடாவைவிட வேகமாக ஓடுகின்றன என்று புலம்புகிறார். எசேக்கியா அரசர் நோயில் கிடந்தபோது, நெய்கிறவன் பாவை அறுப்பதுபோல் தன் உயிர் அறுபடுகிறது என்கிறார். தறிக்குழியில் கால் வைத்து உட்கார்ந்தவர்களுக்கு இந்த இரண்டு இடத்துக்கும் பிரசங்கியார் தேவையில்லை. ஆனால் இயேசுவின் அங்கி பற்றி யோவான் எழுதியிருப்பதை உங்களிடம் சொல்லியே ஆகவேண்டும். அது தையலே இல்லாத அங்கி; மேலிருந்து கீழ்வரை ஒரே நெசவு. சிலுவையின் அடியில் மற்ற உடைகளைப் பங்கு போட்டுக்கொண்ட போர்வீரர்கள், அதைக் கிழிக்க மனம் வராமல் சீட்டுப் போட்டார்கள். ஆணி அடித்த கை, நெசவைக் கிழிக்கத் தயங்கியது. திருச்சபையின் ஒற்றுமைக்கு இந்த அங்கியை அடையாளமாகச் சொல்வது பழைய மரபு. அது சரிதான். எனக்கு அதற்கு முன்பே ஒருவர் கண்ணில் படுகிறார்: அந்த அங்கியை நெய்தவர். பெயர் எழுதப்படவில்லை. ஆணா பெண்ணா என்பதும் இல்லை. அவர் ஊடை போட்ட துணி, கடவுளின் மகன் என்று நாங்கள் நம்புகிறவரின் உடம்பைக் கடைசி நாள்வரை மூடியிருந்தது. உங்கள் தறியில் இறங்கும் சேலை யாருடைய மகளுக்குக் கல்யாணச் சேலையாகப் போகிறது என்று உங்களுக்கும் தெரியாது. தெரியாத ஒருவருக்காகக் கோர்வை பிசகாமல் நெய்கிறீர்களே, அந்தக் கவனத்தை நான் வழிபாட்டுக்கு அடுத்தபடியாக வைக்கிறேன்.

நெல்லைப் பற்றிச் சொல்லாமல் காவிரிக் கரையில் பேச முடியாது. மண்ணில் விழுந்து செத்தால்தான் மணி பலன் தரும் என்று இயேசு சொன்னது கோதுமையை வைத்து. கோதுமையை விதைத்த இடத்திலேயே அறுப்பார்கள். இங்கே அப்படி இல்லை. நாற்றங்காலில் முளைத்துப் பச்சென்று நிற்கும் பயிரைப் பிடுங்கி, வேரில் ஒட்டிய சேற்றை அலசி, முடி கட்டி, வேறு வயலில் நடுகிறோம். நட்ட சில நாட்கள் நுனி வாடித் துவண்டு கிடக்கும். பிறகு பச்சை பிடிக்கும். ஆக இந்த மண்ணின் நெல்லுக்கு இரண்டு சாவு: விதைக்குள் ஒன்று, பிடுங்கும்போது ஒன்று. பிழைப்புக்காகத் திருப்பூருக்கும் வளைகுடாவுக்கும் போன பிள்ளைகளை நினைத்து அழும் தாய்மார்களிடம் நான் இதைச் சொல்வதுண்டு. பைபிளில் இல்லாத இந்த இரண்டாம் நடவும் அதே ஆண்டவரின் வயலில்தான் நடக்கிறது என்று நம்புகிறேன்.

ஆனால் நெல் வளர்ந்து களத்துக்கு வந்தபின்தான் உண்மையான கேள்வி தொடங்குகிறது. அதை அளக்கும் படியைப் பாருங்கள். அமுக்கி, குலுக்கி, சரிந்து விழும்படி அளந்து உங்கள் மடியில் போடுவார்கள், நீங்கள் அளக்கும் அளவாலேயே உங்களுக்கும் அளக்கப்படும் என்ற கருத்தை லூக்கா எழுதியிருக்கிறார். ஆசீர்வாதக் கூட்டங்களில் இதைக் காணிக்கைக்குச் சொல்லிச் சொல்லித் தேய்த்துவிட்டார்கள். இதைக் கூலிக்களத்தில் வைத்துப் படிக்க வேண்டும். வாங்க ஒரு மரக்கால், கொடுக்க ஒரு மரக்கால் வைத்திருக்கக் கூடாது என்று மோசேயின் சட்டம் தடுக்கிறது. அளவைச் சிறிதாக்கி ஏழையை விழுங்குகிறவர்கள்மேல் ஆமோஸ் தீர்க்கர் சீறுகிறார். தஞ்சை மாவட்டத்தில் பண்ணையாள் கூலி பணமாக வரவில்லை, நெல்லாக வந்தது. 1952இல் பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம் வந்தபோதும் பேச்சு மரக்கால் கணக்கில்தான் நடந்தது. பிறகு 1968 வருகிறது. அப்போதைய கீழத்தஞ்சையில், கீழ்வெண்மணியில், பண்ணையாட்கள் கூலியில் அரைப்படி நெல் கூட்டிக் கேட்டார்கள். சங்கமாகச் சேர்ந்து கேட்டார்கள். டிசம்பர் 25ஆம் தேதி இரவு, தப்பிக்க ஒரு குடிசைக்குள் ஓடி ஒளிந்த 44 பேரை நிலக்கிழார்களின் ஆட்கள் உயிரோடு எரித்தார்கள். பெண்கள், குழந்தைகள், முதியவர்கள்.

அந்த இரவு எங்களுக்குக் கிறிஸ்துமஸ் இரவு. ஆலயங்களில் மெழுகுவத்தி ஏற்றி, மாட்டுத் தொழுவத்தில் பிறந்த ஏழைப் பிள்ளையைப் பாடிக்கொண்டிருந்தோம். வெண்மணி மக்களை நான் கிறிஸ்தவர்கள் ஆக்கவில்லை. அவர்கள் செங்கொடியின்கீழ் நின்றவர்கள். அந்தத் தியாகம் அவர்களுடையது. நான் கேட்பது எங்களைப் பற்றிய கேள்வி. அரைப்படி நெல்லில் கிறிஸ்துவைக் காண முடியாதவர்கள் அப்பத்தில் அவரைக் காண்கிறோம் என்று சொல்வது எப்படி? எனக்குத் தெரிந்தவரை, தஞ்சைத் தரணியில் ஒரு கிறிஸ்தவன் ஆழ்ந்து நினைக்க வேண்டிய முதல் பண்டம் அந்தப் படிதான். சிலுவைகூட அதற்கு அடுத்ததுதான் என்று சொன்னால் கோபிக்காதீர்கள். சிலுவையில் தொங்கியவர் அந்தப் படியைப் பற்றியும் பேசியவர்.

படிக்கு எதிரில் வைக்கத்தக்க சிறிய பழக்கம் ஒன்று எங்களிடம் உண்டு: பிடி அரிசி. உலை வைக்கும்போதெல்லாம் ஒரு கைப்பிடியைத் தனியாக எடுத்துப் பானையில் போட்டு, மாதக் கடைசியில் ஆலயத்துக்குக் கொண்டுபோவது. தமிழ்நாட்டுச் சபைகள் பலவற்றில் பெண்கள் இதைக் காத்தார்கள். மிசோரத்திலும் பெண்கள் 1910 முதல் இதே பிடி அரிசியைச் சேர்த்துச் சபையைத் தாங்குகிறார்கள். சம்பளம் வாங்காத கை, கொடுக்கத் தன்னிடம் இருந்த ஒரே பொருளைக் கொடுத்தது. இப்போது அதை உறைக் காணிக்கையாக மாற்றிவிட்டோம். கணக்கு எளிதாயிற்று, அடுப்படிக்கும் பலிபீடத்துக்கும் இருந்த பாதை அடைபட்டது.

குத்துவிளக்கைப் பற்றிக் கேட்டு இங்கே ஒருவர் சீட்டு அனுப்பியிருக்கிறார். நாச்சியார்கோவில் விளக்கின் உச்சியில் அன்னம் இருக்கும். ஆலயங்களுக்கு வாங்கும் விளக்கில் அந்த இடத்தில் சிலுவை இருக்கிறது. அழகாக இருக்கிறது, வேண்டாம் என்று சொல்ல மாட்டேன். உச்சியை மாற்றியதால் மட்டும் விளக்கு கிறிஸ்தவ விளக்கு ஆகிவிடாது. அது யாருக்கு எரிகிறது என்பதைப் பார்க்க வேண்டும்.

அந்தக் கேள்வியோடு மறுபடியும் சாஸ்திரியாரிடம் போகிறேன். அவரை மதிப்பதால்தான் இதையும் சொல்கிறேன். அன்றைய தஞ்சைச் சபையில் வேளாளர் ஒரு பக்கமும் தாழ்த்தப்பட்டோர் ஒரு பக்கமும் உட்கார்ந்தார்கள். பாய் பிரிந்திருந்தது. நற்கருணைக்கு வரும் வரிசையும் பிரிந்திருந்தது. புதிதாக வந்த மிஷனரிகள் இதை ஒழிக்க வேண்டும் என்றார்கள். பாடல்களில் கைவைத்தார்கள், தமிழ் வழக்கங்கள் பலவற்றை இகழ்ந்தார்கள். அதிலெல்லாம் சாஸ்திரியார் எதிர்த்து நின்றது நியாயம். ஆனால் சாதிப் பிரிவையும் அவர் அதே மூச்சில் ஊர் வழக்கம் என்று காத்தார். அந்த மோதலில் சபை வேலையை இழந்தார். சரபோஜி அவரை ஆதரித்தார். 1833இல் பிஷப் டேனியல் வில்சன் சாதியைச் சபைகளிலிருந்து உடனே விலக்க வேண்டும் என்று கடிதம் எழுதியபோது, தஞ்சையில் பெரும் எதிர்ப்புக் கிளம்பிற்று.

குறத்தியின் கூடையில் விசுவாசத்தைக் கண்டவர், ஏற்றச் சாலில் ஞானத்தைக் கண்டவர், தன் கால்கீழ் விரித்த பாயில் ஒன்றையும் காணவில்லை. அந்தக் குறை அவரோடு முடிந்துபோகவில்லை. இரட்டைக் குவளையை நெடுங்காலம் வைத்திருந்த டீக்கடைகள் இந்தப் பகுதியில் இருந்தன. சிறியவர் ஒருவருக்குக் கொடுத்த ஒரு கிண்ணம் தண்ணீருக்கும் பலன் உண்டு என்று எங்கள் வேதம் சொல்கிறது. அந்த டீக்கடைகளில் உட்கார்ந்து குடித்தவர்களில் ஞாயிறு தவறாமல் ஆலயம் போனவர்களும் உண்டு.

இதற்கு மாற்றாகப் பேசிய ஒருவரைச் சொல்லாமல் முடிக்க மாட்டேன். பறட்டை என்று எல்லோரும் அழைத்த தியோபிலஸ் அப்பாவு, மதுரை தமிழ்நாடு இறையியல் கல்லூரியில் ஆசிரியராக இருந்தவர், 2005இல் மறைந்தார். நாட்டுப்புற மெட்டில் வழிபாட்டையே அமைத்தார். பறையை ஆலயத்துக்குள் கொண்டுவந்தார். அவருடைய இறையியலின் நடுவில் இருந்த பண்டம் ஓர் உலை. ஒரே உலையில் வெந்த சோற்றை எல்லோரும் சேர்ந்து உண்பதுதான் நற்கருணை என்றார். சாஸ்திரியாரின் கவித்துவத்துக்கு அவருடைய பாட்டுகள் ஈடா என்று கேட்டால், ஈடு இல்லை என்றே சொல்வேன். பண்டத்தைப் பார்க்கத் தெரிந்ததில் அப்பாவு மேலே நிற்கிறார்.

என் கிறிஸ்தவச் சகோதரர்களிடம் ஒரு வேண்டுகோளோடு நிறுத்திக்கொள்கிறேன். அறுப்பின் பண்டிகைக்கு நெல்லும் வாழைத்தாரும் பூசணியும் கொண்டுவந்து ஏலம் விடுகிறோம். அந்த நெல்லை அறுத்தவருக்கு, உங்கள் வீட்டில் பாத்திரம் துலக்குகிறவருக்கு, உங்கள் தறியில் கூலிக்கு உட்காருகிறவருக்குக் கொடுக்க வேண்டியதை முழுதாகக் கொடுத்தாயிற்றா என்று பார்த்துவிட்டு ஏலத்துக்கு வாருங்கள். பந்தியில் ஒரே உலைச் சோறு போடுங்கள். தமிழ்நாட்டில் கிறிஸ்தவக் கல்லறைத் தோட்டங்கள் சிலவற்றில் சாதிக்கு ஒரு பக்கம் என்று சுவர் நிற்கிறது. உங்களுக்குத் தெரிந்த ஊரில் அப்படி ஒரு சுவர் இருந்தால், அந்த ஊர்ச் சபைக்கு எழுதுங்கள், போய்ப் பேசுங்கள், இடிக்கச் சொல்லுங்கள்.